20 லட்சத்துக்கு வெளிநாட்டு ஆன்லைன் எம்.பி.ஏ.: இதையும் 'கரஸ்' என்றுதான் பார்ப்பார்களா?

பம்புசெட்_கோவை:
எல்லோருக்கும் வணக்கம். வயது 34, மெக்கானிக்கல் பி.இ., கோவையில் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் அசிஸ்டன்ட் மேனேஜர், கையில் வருவது மாதம் 84 ஆயிரம். போன அப்ரைசலில் எங்கள் ஜி.எம். "உனக்கு ஒரு எம்.பி.ஏ. இருந்தா நல்லா இருக்கும்ப்பா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், எனக்குத்தான் தூக்கம் போனது. வேலையை விட முடியாது, பையன் எல்.கே.ஜி. அதனால் ஆன்லைன்தான். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.பி.ஏ. 2020-ல் தொடங்கியபோது 24 ஆயிரம் டாலர் என்று அறிவித்தார்கள், அதை வைத்துப் பார்த்தாலே நம் காசில் 20 லட்சத்துக்கு மேல். இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) படித்தால் மொத்தமே அறுபதாயிரத்தைச் சுற்றித்தான் வரும். பெயருக்காக இத்தனை மடங்கு கொடுக்கலாமா? மாமனார் "அந்தக் காசுக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு சைட் வாங்கிப் போடுங்க மாப்ள" என்கிறார். படித்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

துபாய்_பேரீச்சை:
தம்பி, நான் ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலையில் முடித்தவன், பெயர் வேண்டாம். ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியாகப் பணம் கட்டலாம், ஒன்பது பேப்பர், ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரப் பரீட்சை. அசைன்மென்ட் கிடையாது, யாரும் போன் போட்டு ஏன் படிக்கவில்லை என்று கேட்கவும் மாட்டார்கள். இரண்டு வருடத்தில் முடிப்பேன் என்று கிளம்பினேன், நாலரை வருடம் ஆனது. நடுவில் எட்டு மாதம் புத்தகத்தையே தொடவில்லை, ஃபைனான்ஸ் புத்தகத்தின் மேல் மகளின் கலரிங் பென்சில் டப்பா உட்கார்ந்திருந்தது. அந்த ஃபைனான்ஸ் பேப்பர்தான் கடைசியில் எனக்குப் பிரயோஜனப்பட்டது, அதுவரை மீட்டிங்கில் கணக்குக்காரர்கள் பேசும்போது தலையாட்டிக்கொண்டிருந்தவன் அப்புறம் எதிர்க்கேள்வி கேட்க ஆரம்பித்தேன். சம்பளம் உடனே ஏறவில்லை. கூடப் படித்தவன் என்று சொல்ல ஒரு ஆள் முகம் தெரியாது. கேம்பஸில் படிப்பவனுக்குப் பாதி லாபமே அந்தப் பழக்கம்தான், அது இதில் வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இறங்கு.

ஹெச்.ஆர்._அக்கா:
சென்னையில் பன்னிரண்டு வருடமாக ரெஸ்யூம் பார்க்கிறேன். பன்னாட்டுக் கம்பெனி என்றால் பேனலில் இருப்பவருக்குப் பல்கலைக்கழகத்தின் பெயர் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏ.ஏ.சி.எஸ்.பி., ஈக்விஸ், ஆம்பா என்று மூன்று அங்கீகாரத்தையும் பிரசுரத்தில் பெரிதாகப் போடுவார்கள், நீங்கள் போலியில் மாட்டாமல் இருக்க அது உதவும், இன்டர்வியூவில் ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனால் அரசு வேலை, கல்லூரியில் பாடம் எடுப்பது, பிஎச்.டி. என்று ஏதாவது மனதில் இருந்தால் நிலைமை வேறு. வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கேட்பார்கள், தொலைநிலையில் படித்ததற்கு அதை வாங்குவது பெரிய தலைவலி. உள்ளூர்ப் பட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரில் படித்ததற்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. எட்டெக் (ஆன்லைன் படிப்பு விற்கும்) கம்பெனிக்காரர் வெளிநாட்டுப் பல்கலையோடு கைகோத்து நடத்தும் டிகிரி செல்லாது என்று 2023 டிசம்பரில் எச்சரித்ததும் அதே யு.ஜி.சி.தான், அதனால் தினமும் போன் செய்து "சார், இன்னைக்கு மட்டும் ஸ்காலர்ஷிப்" என்பவர்களிடம் ஜாக்கிரதை. ஐ.ஐ.எம். பெயரில் வரும் ஒரு வருட சர்ட்டிஃபிகேட்டும் எம்.பி.ஏ. ஆகாது, அதையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, ஆன்லைன் என்பதை மறைக்காதீர்கள். ஒருத்தர் அமெரிக்காவிலேயே படித்த மாதிரி ஊர் பெயரோடு எழுதியிருந்தார். எங்கள் டைரக்டர் சும்மா பேச்சுவாக்கில் "அங்க குளிர் எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்டார். பாவம், ஏ.சி. ரூமில் அந்த மனிதருக்கு வேர்த்துவிட்டது. வேலையில் நல்ல ஆள்தான், அந்த ஒரு வரியால் போனார்.

கணக்குப்பிள்ளை:
20 லட்சம், 11 சதவீதம், ஐந்து வருடம் என்று வைத்தால் இ.எம்.ஐ. சுமார் 43,500. உங்கள் கைக்கு வருவதில் பாதிக்கு மேல். மொத்தம் கட்டுவது 26 லட்சம், அதில் வட்டி மட்டும் 6 லட்சம். கல்விக் கடன் வட்டிக்கு வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான். கடன் வாங்காமல் சேமிப்பிலிருந்து அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு வங்கியில் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்கள், ரிட்டர்னில் திரும்ப வரும் என்றாலும் காசு அதுவரை முடங்கும். இந்த 26 லட்சத்தைப் பத்து வருடத்தில் எடுக்கவே மாதம் கையில் 22 ஆயிரம் கூட வேண்டும். படிக்காமலேயே வரும் இன்க்ரிமென்ட்டை அதில் சேர்க்கக்கூடாது, எல்லோரும் அங்கேதான் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

அதற்காக ஆன்லைன் என்றால் மட்டம் என்றும் சொல்லமாட்டேன். இலினாய் பல்கலைக்கழகம் 2016-ல் கோர்செரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தோடு சேர்ந்து ஐ-எம்.பி.ஏ. என்ற ஆன்லைன் எம்.பி.ஏ.வைத் தொடங்கியது, அது ஓடிய ஓட்டத்தில் 2019-ல் கேம்பஸ் எம்.பி.ஏ.வையே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். அந்தப் படிப்பின் பாடங்கள் பலவற்றை டிகிரியில் சேராமலே கோர்செராவில் தனியாகப் படிக்கலாம். ஒன்றை எடுத்து இரண்டு மாதம் ராத்திரி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். அதற்கு முன்னால், உங்கள் கம்பெனியில் கடைசியாக பிளான்ட் ஹெட் ஆனவர்கள் என்ன படித்திருக்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?

பம்புசெட்_கோவை:
எல்லோருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை சார் கேட்டதை நான் யோசிக்கவே இல்லை, இன்று டீ டைமில் விசாரித்தேன். கடைசி மூன்று பேரில் ஒருவர் டிப்ளமோ, ஒருவர் இக்னோ, மூன்றாமவர் முதலாளியின் மச்சான். ஜி.எம்.மிடமும் தைரியமாகப் போய் "சார், வெளிநாட்டு எம்.பி.ஏ. படிச்சா கம்பெனி பாதி கட்டுமா?" என்றேன். சிரித்தார். "முதல்ல ஃபவுண்டரி ரிஜெக்‌ஷனைக் குறை, அப்புறம் பேசலாம்" என்றார். இப்போதைக்கு அக்கவுன்டிங் பாடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன், முதல் வாரத்திலேயே டெபிட் எது கிரெடிட் எது என்று குழம்பிக் கிடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்க வரச்சொல்லி மாமனார் வேறு கூப்பிட்டிருக்கிறார். இக்னோ ஜூலை அட்மிஷனுக்கு வேலை அனுபவச் சான்றிதழ் ஏதாவது கேட்கிறார்களா? சமீபத்தில் சேர்ந்தவர்கள் சொல்லுங்கள்.