கட்டியை எடுத்தாயிற்று, இரைப்பை அதேதானே!

பெரம்பூர் மகள்:
மூச்சிரைக்கிறது என்று போன அப்பாவுக்கு இரத்தசோகை. காரணம் தேடி, வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தபோது இரைப்பையில் ஒரு பாலிப், அதாவது உட்சுவரில் முளைத்த கட்டி, தெரிந்தது. அதில் சிறு துண்டெடுத்துச் சோதித்த பயாப்சியில் அடினோமா, புற்றுநோய்க்கு முந்தைய நிலை. 2019இல் வயிற்றைக் கிழிக்காமல் குழாய் வழியாகவே எடுத்துவிட்டார்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஃபைலை மஞ்சள் பையில் சுற்றி பீரோவின் மேல் வைத்தோம்.

டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தது. நாங்கள் படிக்கவில்லை, அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இடையில் கொரோனா வேறு.

2022இல் நெஞ்செரிச்சலுக்காக வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். பரிசோதனை முடிந்ததும் டாக்டர் என்னை அழைத்துப் படங்களைக் காட்டினார். பழைய இடம் வெள்ளைத் தழும்பாக ஆறியிருந்தது. சுற்றியிருந்த மடிப்புகள் அதை நோக்கி இழுபட்டிருந்தன. “இது சுத்தமாக இருக்கிறதம்மா. இதைப் பாருங்கள்” என்று சற்றுத் தள்ளி, சிவந்த சிறு திட்டு ஒன்றைக் காட்டினார். ஆரம்பநிலைப் புற்றுநோய்.

பழைய கட்டிதான் திரும்பி வந்துவிட்டதோ என்று பதறினேன். இல்லையாம், இது புதிது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பல வருடங்கள் தங்கினால் இரைப்பையின் உட்சவ்வு மெலிந்து, குடலின் சவ்வைப் போல மாறிவிடுமாம். அந்த மாற்றம் கட்டி இருந்த இடத்தோடு நிற்பதில்லை. 1994லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்திவிட்டது. இப்படிக் குழாய் வழியாகச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிருமியையும் ஒழித்தால், புதிதாகப் புற்றுநோய் வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று 2018இல் வெளியான கொரிய ஆய்வு சொல்கிறது. பாதிதான். அதனால் மருந்து சாப்பிட்டவர்களும் பரிசோதனையை விடக்கூடாது.

அந்தத் திட்டையும் எண்டோஸ்கோபியிலேயே உரித்தெடுத்தார்கள். பிறகு கிருமியை ஒழிக்க 14 நாள் மாத்திரை. சோறே கசக்கிறது என்று அப்பா தட்டைத் தள்ளிவைப்பார்.

தாம்பரம் தம்பி:
அக்கா, கிருமி ஒழிந்ததா என்று பார்த்தீர்களா? என் அண்ணனுக்கு மூச்சுப் பரிசோதனையில் முதலில் ‘இல்லை’ என்றே வந்தது. அவர் அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்தாமல் போயிருந்தார். இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி ஊதியபோது கிருமி இருப்பது தெரிந்தது. இந்தப் பரிசோதனைக்கு ஆன்டிபயாடிக் முடிந்தும் நான்கு வாரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ராயபுரம் செவிலியர்:
எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்கிறேன். “வலியே இல்லையே சிஸ்டர், எதற்கு மறுபடி?” என்று கேட்காதவர்கள் குறைவு. ஆரம்பத்தில் வலிக்காது, அதுதான் ஆபத்து. இன்னொன்று, வெறும் வயிற்றோடு வாருங்கள். “ஒரு வாய் காபிதான்” என்பார்கள். நுரையும் எச்சமும் படிந்திருந்தால் சிறிய திட்டு அதன் அடியில் மறைந்துபோகும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை வர வேண்டும் என்பது சவ்வின் நிலையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். பயாப்சி ரிப்போர்ட்டைக் காட்டி டாக்டரிடம் தேதியாகவே எழுதி வாங்குங்கள்.

பெரம்பூர் மகள்:
பார்த்துவிட்டோம் தம்பி, கிருமி இல்லை. எனக்கும் இருந்தது, நானும் மாத்திரை முடித்துவிட்டேன். அப்பாவுக்கு அடுத்த மாதம் 12ஆம் தேதி எண்டோஸ்கோபி. நாள்காட்டியில் அந்தத் தாளை அம்மா இப்போதே மடித்து வைத்திருக்கிறார்.