63 அடித்தவருக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே காசா?

நொய்யல்கரை: நேற்று வேறொரு இழையில் அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர் பற்றி சோமனூர்த்தறி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கொரோனாவில் சீசன் குலைந்தபோதும் பிஜிஏ டூர் ஒரு ஆட்டக்காரருக்கும் அநியாயம் பண்ணவில்லை" என்கிறார். ஏனுங்க, 2020 மார்ச் 12 ஞாபகம் இருக்கா? ஃபுளோரிடா சாக்ராஸ் மைதானம், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப், முதல் நாள். ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா 63 அடித்தார்; கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் நல்லது. பார், அதாவது மைதானத்துக்கு வகுத்த அடிக்கணக்கு, 72; அதற்கு 9 குறைவு. ஈகிளோடு, அதாவது கடைசிக் குழியில் பாருக்கு இரண்டு அடி குறைவாக, ரவுண்டை முடித்தார். மைதான சாதனையைத் தொட்ட ஸ்கோர், இரண்டு ஸ்ட்ரோக் (அடி) முன்னிலை. மத்தியானம் "நாளையிலிருந்து பார்வையாளர்கள் வேண்டாம், ஆட்டம் உண்டு" என்றார்கள். ராத்திரி "ஆட்டமே இல்லை" என்றார்கள். பரிசுத்தொகை 1.5 கோடி டாலர். அதில் பாதியை 144 பேருக்கும் சரிபங்காகப் பிரித்து, ஆளுக்கு 52,000 டாலர் சொச்சம். முதலில் நின்றவருக்கும் அதே, கடைசியில் நின்றவருக்கும் அதே. இதற்குப் பேர் நியாயமாம்.

சோமனூர்த்தறி: வந்துட்டீங்களா? பாவு ஓட்டி கால்வாசி நெய்ததும் கரண்ட் போய்விட்டால் முழுச் சேலைக்குக் கூலி கேட்பீங்களா? நாலு நாள் ஆட்டத்தில் ஒரு நாள்தான் முடிந்தது. ஒரு நாள் ஆட்டத்துக்கு சாம்பியன் பட்டம் எங்கேயும் கொடுக்க மாட்டார்கள். பாதிப் பணம் கொடுத்ததே பெரிய மனசு.

நொய்யல்கரை: சாம்பியன் பட்டம் கொடு என்று நான் எங்கே எழுதினேன்? கண்ணாடி போட்டுப் படிங்க. நான் கேட்பது 63. கால்வாசி நெய்தவனுக்குக் கால்வாசிக் கூலி, சரி. தார் மாட்டவே தடுமாறியவனுக்கும் அதே கூலியா?

கோபிகரும்பு: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். முதலில் 'குலைந்தது' என்று எதைச் சொல்கிறோம்? ரத்தானதையா, தள்ளிப்போனதையா? பிரிட்டிஷ் ஓபன் ரத்து, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு முதல் தடவை. பிஜிஏ சாம்பியன்ஷிப் ஆகஸ்டில் ஹார்டிங் பார்க்கில் நடந்தது, கொலின் மொரிகாவா ஜெயித்தார். யுஎஸ் ஓபன் செப்டம்பரில், மாஸ்டர்ஸ் நவம்பரில். ரத்தானதற்கும் தள்ளிப்போனதற்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியுமா?

நொய்யல்கரை: அதெல்லாம் அப்புறம். 63-க்குப் பதில் வரட்டும்.

சோமனூர்த்தறி: 63, 63 என்று எத்தனை தடவைங்க? அதே மைதானத்தில் ஃப்ரெட் கப்பிள்ஸ் அடித்திருக்கிறார், கிரெக் நார்மன் அடித்திருக்கிறார், மார்ட்டின் கைமர், ஜேசன் டே எல்லாரும் அடித்ததுதான். 2023-ல் டாம் ஹோகி 62 அடித்து அதையும் தாண்டிவிட்டார். உங்கள் 63-ஐ ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை: நீங்கள் சொன்ன ஆட்களின் 63 எல்லாம் முழுசாக நடந்த போட்டியில் அடித்தது. அடித்ததற்கு அவர்களுக்குப் பலன் இருந்தது. மட்சுயாமாவுக்கு சீசன் தரவரிசைக்கான ஃபெடெக்ஸ் கப் புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. ஜெயித்திருந்தால் 27 லட்சம் டாலர். கையில் வந்தது 52,000.

சோமனூர்த்தறி: இந்த 'ருந்தால்' கணக்குக்கு எல்லையே இல்லைங்க. 1996-ல் பெப்பிள் பீச்சில் மழை வந்து 36 குழியோடு கைவிட்டார்கள். முன்னணியில் இருந்த ஜெஃப் மேகர்ட்டுக்குக் கோப்பை கொடுத்தார்களா? இரண்டு நாள் ஆடியவருக்கே இல்லை. ஒரு நாளைக்கு ஒப்பாரி வைக்கிறீர்கள்.

நொய்யல்கரை: அன்றைக்குப் பண்ணியதும் தப்பு. தப்புக்குத் தப்பு சாட்சியா?

கேடிமகன்: நொய்யல் அண்ணா, கோவிச்சுக்காதீங்க. 52,000 டாலர் குறைச்சல் என்று அழுகிறீர்கள். எங்க அப்பா இந்தப் பக்கம் ஒரு கோல்ஃப் கிளப்பில் பை தூக்குகிறவர். ஊரடங்கு போட்ட அன்றைக்கு கேட்டைச் சாத்தினார்கள். அதன் பிறகு நாலு மாசம் ஒரு போன்கூட வரவில்லை. பாதியும் இல்லை, சரிபங்கும் இல்லை. அந்த மார்ச்சில் குருகிராமில் நடக்க வேண்டிய இந்தியன் ஓபனும் நடக்கவில்லை, 2023-ல்தான் திரும்ப வந்தது. நம் நாட்டு பிஜிடிஐ டூர் நவம்பரில்தான் பஞ்ச்குலாவில் மறுபடி தொடங்கியது. அதுவரை இங்கே ஆடுகிறவர்களும் பை தூக்குகிறவர்களும் எதைச் சாப்பிட்டார்கள் என்று ஒரு வரி எழுதுங்களேன்.

நொய்யல்கரை: தம்பி, அது பெரிய கொடுமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இழையின் தலைப்பு அது இல்லை.

கேடிமகன்: தலைப்பு உங்களுடையது, அதனால்தான் அது இல்லை. பெங்களூரில் கேடியாக, அதாவது எங்க அப்பா மாதிரி பை தூக்குகிறவராக, இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓபனையே ஜெயித்தார். உங்களுக்கு ஜப்பான்காரர்தான் கண்ணுக்குத் தெரிகிறார்.

திருப்பூர்நூல்: நான் பார்த்தவரை பெரிய அடி வாங்கியது கீழே இருந்து ஏறக் காத்திருந்தவர்கள்தான். 2020-ல் மேலே பிஜிஏ டூரில் இருந்த ஒருத்தருடைய கார்டும் (ஆடும் உரிமை) போகவில்லை. ஆனால் அதற்கு அடுத்த படியான கார்ன் ஃபெர்ரி டூரிலிருந்து ஒருத்தரையும் மேலே ஏற்றவில்லை, கதவைச் சாத்தி இன்னொரு வருஷம் ஆடச் சொல்லிவிட்டார்கள். வில் ஸலடோரிஸ் அதில் மாட்டியவர். தற்காலிக உறுப்பினராக உள்ளே வந்து 2021 மாஸ்டர்ஸில் இரண்டாவது வந்தார். யாரிடம் ஒரு ஸ்ட்ரோக்கில் தோற்றார் தெரியுமா? உங்கள் மட்சுயாமாவிடம்தான்.

சோமனூர்த்தறி: அப்படிப் போடுங்க! அவரே மாஸ்டர்ஸ் ஜெயித்தவருக்கான பச்சைக் கோட்டு வாங்கிவிட்டார், மேஜர் என்கிற நாலு பெரிய போட்டிகளில் ஒன்றை ஜெயித்த முதல் ஜப்பானிய ஆண் என்று பேரும் வாங்கிவிட்டார். இவர் இன்னும் சாக்ராஸில் உட்கார்ந்து அழுகிறார்.

நொய்யல்கரை: பின்னால் ஜெயித்ததால் முன்னால் எடுத்தது கணக்கில் சேராதா? உங்கள் வீட்டு நகையைத் திருடியவன், அடுத்த வருஷம் உங்களுக்கு லாட்டரி அடித்தது என்று தப்பித்துவிடலாமா? 63-க்குப் பதில் இல்லாததால் மாஸ்டர்ஸுக்கு ஓடுகிறீர்கள்.

கேடிமகன்: மாஸ்டர்ஸ் ஜெயித்த அன்றைக்கு மட்சுயாமாவுடைய கேடி கொடிக்கம்பைத் திரும்ப நட்டுவிட்டு மைதானத்தைப் பார்த்துத் தலை வணங்கினாரே, அதை யாராவது பேசினீர்களா?

திருப்பூர்நூல்: ஒரே கொரோனா கோல்ஃபில் கதவைச் சாத்தியது, கிரிக்கெட்டில் திறந்துவிட்டது. நம் கொங்குப் பிள்ளை நடராஜன் வலையில் பந்து போடத்தான் ஆஸ்திரேலியா போனார். ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகம். கூடுதல் ஆட்களைக் கூட்டிப்போக வேண்டிய காலமாக இல்லாவிட்டால் விமானமே ஏறியிருப்பாரா?

நொய்யல்கரை: நடராஜன் சின்னப்பம்பட்டி. சேலம் ஜில்லா. கொங்கு எப்போது அங்கே போனது?

மேட்டூர்அணை: ஐயா வணக்கம். இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். சேலம் கொங்கு இல்லையா? இதே நொய்யல்கரை போன தை மாசம் மாம்பழ இழையில் "நம்ம கொங்கு மாம்பழம்" என்று சேலத்து மாம்பழத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். மாம்பழம் வேணும், ஆள் வேண்டாமா?

நொய்யல்கரை: மாம்பழ இழையை இங்கே இழுக்காதீங்க. அதில் நான் சொன்னது வேற.

சோமனூர்த்தறி: எல்லாத்திலும் அவர் சொன்னது வேறதான்.

நொய்யல்கரை: தறிக்காரரே, உங்களுக்கு என் மேல் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் விலை ஏற்ற விவாதத்தில் நீங்கள் நூல் கணக்கைத் தப்பாகப் போட்டதை நான் சுட்டிக்காட்டினேன். அன்றையிலிருந்து நான் எது எழுதினாலும் குறுக்கே நிற்கிறீர்கள். இன்றைக்கும் 52,000-ஐ நியாயம் என்று சொல்லக் காரணம் கோல்ஃப் இல்லை, நான்.

சோமனூர்த்தறி: நூல் கணக்கு சரிதான். இன்றைக்கும் சரிதான்.

கோபிகரும்பு: 2020 ஜூன் 11-ல் கொலோனியல் மைதானத்தில் பார்வையாளர் இல்லாமல் பிஜிஏ டூர் ஆட்டம் மறுபடி தொடங்கியது, டேனியல் பெர்கர் ஜெயித்தார். அடுத்த வாரமே நிக் வாட்னி என்கிற ஆட்டக்காரருக்குத் தொற்று உறுதியானது. மார்ச்சில் நிறுத்தியது சரியா தப்பா என்று அதை வைத்துப் பேசலாமே. நான் கேட்ட முதல் கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நொய்யல்கரை: நிறுத்தியது சரி. நான் நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரித்ததைப் பற்றிப் பேசுகிறேன். 75 லட்சம் டாலரை ஸ்கோர் வரிசையில் பிரிக்க ஒரு கணக்குப்பிள்ளைக்கு அரை மணி நேரம் போதும். அதைக்கூடச் செய்யாமல் 144-ஆல் வகுத்துவிட்டார்கள்.

கேடிமகன்: எங்க அப்பாவையும் சேர்த்து 145-ஆல் வகுக்கச் சொல்லுங்கண்ணா.

மேட்டூர்அணை: சேலம் கொங்கா இல்லையா? நேராகச் சொல்லுங்க.

திருப்பூர்நூல்: கொங்கு 24 நாடு என்கிற கணக்கில் சேலம் பக்கமும் வரும் என்றுதான் எங்க அப்பாரு சொல்வார்.

நொய்யல்கரை: உங்க அப்பாரு காலத்து எல்லையை வைத்துப் பேசினால் கரூரையும் சேர்க்கணும்.

மேட்டூர்அணை: கரூர் சேராமல் வேறெங்கே போகும்? அடுத்து தர்மபுரிக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?