லாச்சி பாதியில் சிக்குகிறது: ட்ரெயிலர் குசினி, அவசர உதவி

தம்பிலுவில் தம்பி | ஞாயிறு இரவு 10.40
வணக்கம். ட்ரெயிலரின் பின்பக்கம் இழுத்து வெளியே எடுக்கிற மாதிரி, அடுப்பு வைத்துச் சமைக்க, ஒரு குசினி லாச்சி செய்தேன். வீட்டில் வழுக்கிக்கொண்டு ஓடியது. நேற்று உகந்தை முருகன் கோயிலடிக்குக் கொண்டுபோய் இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது. இடப்பக்கம் முன்னே வருகிறது, வலப்பக்கம் வரமாட்டேன் என்கிறது. திரும்பத் தள்ளும்போது சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் நாலைந்து மண்ணில் விழுந்தன. கிறீஸ் போட்டும் சரிவரவில்லை. கதிர்காமத்துக்கு நடக்கிற காட்டுப்பாதை திறக்க இன்னும் 12 நாள்தான். கெதியாகச் சொல்லுங்கள்.

வாவிக்கரை | ஞாயிறு இரவு 10.58
என்ன ட்ரெயிலர்? எவ்வளவு பாரம்? லாச்சி ஓடுகிற ஸ்லைட் என்ன மாதிரி? படம் இருக்கா?

சென்னை ரைடர் | ஞாயிறு இரவு 11.05
மன்னிக்கவும், லாச்சி என்றால் என்ன? சாவி போடுகிற தாழ்ப்பாளா?

கராஜ் காக்கா | ஞாயிறு இரவு 11.20
தம்பி, கிறீஸைத் துடைத்து எடுங்கள் முதலில். பாணமை ஊரைத் தாண்டினால் கிரவல் தூசி. கிறீஸும் தூசியும் சேர்ந்தால் அது அரைக்கிற பசைதான். விழுந்த குண்டு ஸ்லைட்டுக்குள் இருக்கிற போள் பெயாரிங். அது விழுந்துவிட்டால் அந்த ஸ்லைட்டின் கதை முடிந்தது, திரும்பப் போட்டுச் சரிக்கட்ட ஏலாது. வீட்டில் ஓட்டிப் பார்த்தது வெறும் லாச்சியா, சாமான் ஏற்றியா?

பழைய ஆணி | திங்கள் காலை 6.12
தளபாடக் கடை ஸ்லைட்டை வாங்கிப் பூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகிறவர்களுக்கு முருகன்தான் துணை. இதைப் பற்றி நான் போன வருடமே விரிவாக எழுதினேன். தேடிப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

தம்பிலுவில் தம்பி | திங்கள் காலை 7.30
வேலைக்குப் போகிற அவசரம். பழைய ஜீப் ட்ரெயிலர், ஒரே அச்சு. டபுள் கேப்பில் இழுக்கிறேன். ஸ்லைட்டில் 45 கிலோ என்று அடித்திருக்கிறது, நீளம் 28 அங்குலம். வீட்டில் பார்த்தது வெறும் லாச்சி. பாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அடுப்பு, சிலிண்டர், தண்ணீர்க் கான் ஒன்று, அரிசி, சட்டி பானை. அவ்வளவுதான்.

கராஜ் காக்கா | திங்கள் காலை 8.05
பெரிதாக ஒன்றும் இல்லையா? கூட்டிப் பார்ப்போம். லாச்சி எந்தப் பலகை? 18 மில்லி ப்ளைவுட் என்றால் 8க்கு 4 ஷீட் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். முக்கால் ஷீட் போயிருந்தால் 24 என்று வையுங்கள். வீட்டுச் சிலிண்டரில் 12.5 கிலோ என்பது கேஸின் நிறை மட்டும்தான், இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தண்ணீர் 20 லீற்றர் என்றால் 20 கிலோ. அடுப்பும் அரிசியும் ஒரு 15. ஆக 80க்கு மேல்.

அந்த 45 கிலோ ஒரு ஸ்லைட்டுக்கு இல்லை, சோடிக்கு. அதுவும் பாரம் சமமாகப் பரவி, வீட்டுக்குள் அசையாமல் நிற்கிற அலுமாரிக்கு. றோட்டில் குலுங்கும்போது 80 கிலோ 80 கிலோவாக இருக்காது.

கல்லடி அக்கா | திங்கள் காலை 9.15
நான் வெல்டிங் தெரிந்தவள் இல்லை, சமைக்கிறவள். ஒன்று கேட்கிறேன். ட்ரெயிலர் தட்டு நிலத்தில் இருந்து எவ்வளவு உயரம்? அதன் மேல் லாச்சி, லாச்சிக்கு மேல் அடுப்பு, அடுப்புக்கு மேல் பானை. கடைசியில் பானை வாய் என் நெஞ்சுக்கு வந்துவிடும். எத்தனை பேருக்குச் சமைக்கப் போகிறீர்கள்?

தம்பிலுவில் தம்பி | திங்கள் பகல் 12.45
தட்டு 27 அங்குலம் அக்கா. வீட்டாட்கள் ஒன்பது பேர். நடந்துபோகிற ஆட்களுக்கும் இரண்டு நாள் கொடுக்கிற எண்ணம், ஒரு 40 பேர் வரும்.

கல்லடி அக்கா | திங்கள் பகல் 1.10
அப்படியென்றால் சோற்றுக் கிடாரத்தை லாச்சியில் வைக்கிற கதையை விடுங்கள் தம்பி. 40 பேரின் சோற்றை நெஞ்சுயரத்தில் கிண்டவும் ஏலாது, வடிக்கவும் ஏலாது. அது நிலத்தில்தான். லாச்சியில் தேத்தண்ணீர், சொதி, வெட்டுகிற பலகை மட்டும் வைத்தால் உங்கள் பாரப் பிரச்சினையும் பாதி குறையும்.

இன்னொன்று. இப்போது கச்சான், அந்த மேற்குக் காற்று, வீசுகிற காலம். மேற்கே பார்த்து லாச்சியை இழுத்தால் நெருப்பு சட்டியில் பிடிக்காது. தகரத்தில் மூன்று பக்க மறைப்பு ஒன்று அடித்துக்கொள்ளுங்கள், ட்ரெயிலரையும் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள்.

மூன்று கல்லு | திங்கள் பகல் 2.00
எங்கள் அப்பப்பா காலத்தில் ஒரு பொட்டலம் அரிசியோடு மட்டக்களப்பில் இருந்தே நடந்து போனார்கள். மூன்று கல்லு வைத்தால் அடுப்பு. இப்போது அதற்கு லாச்சி, ஸ்லைட், பெயாரிங்! வேலை மினக்கேடு.

வாவிக்கரை | திங்கள் பகல் 2.20
உங்கள் அப்பப்பா நடந்தபோது விறகு பொறுக்கக் காடு இருந்தது. இப்போது ஆயிரக்கணக்கான சனம் ஒரே இடத்தில் கூடுகிறது. எல்லோரும் விறகு முறித்தால் உகந்தையைச் சுற்றி ஒரு கொப்பு மிஞ்சாது. பூங்காவுக்குள் என்றால் கேட்கவே தேவையில்லை. குமண தேசியப் பூங்காவில் வனஜீவராசிகள் திணைக்களம் விட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் அடுப்பு மூட்ட ஏலாது.

மூன்று கல்லு | திங்கள் பகல் 2.31
கேஸ் மணத்துக்கு மட்டும் யானை வராதா?

வாவிக்கரை | திங்கள் பகல் 2.40
யானை கேஸுக்கு வருவதில்லை, அரிசிக்கும் உப்புக்கும் வரும். எந்த அடுப்பில் சமைத்தாலும் மிச்சச் சோற்றை ட்ரெயிலரில் விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் லாச்சியைத் தேட வேண்டியதுதான்.

சென்னை ரைடர் | திங்கள் பகல் 3.15
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே. டிராயரைத்தான் லாச்சி என்கிறீர்களா?

கல்லடி அக்கா | திங்கள் பகல் 3.22
ஓம் தம்பி, மேசை லாச்சி. ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். குசினி போர்த்துக்கேயர் தந்தது. ஆக இவர் கட்டியிருப்பதில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

பழைய ஆணி | திங்கள் மாலை 6.05
சொல்லாராய்ச்சி முடிந்ததா? யாருமே கேட்காத கேள்வி ஒன்று: ஸ்லைட்டை எப்படிப் பூட்டியிருக்கிறார்? பக்கவாட்டில் நிமிர்த்தியா, அடியில் படுக்கையாகவா?

தம்பிலுவில் தம்பி | திங்கள் இரவு 9.50
படுக்கையாக. பக்கத்தில் பூட்டினால் இரட்டை அடுப்பு வைக்க அகலம் காணாமல் போனது. அதனால் லாச்சிக்கு அடியில் படுக்கப் போட்டேன். அதில் பிழை இருக்கா?

பழைய ஆணி | திங்கள் இரவு 10.02
இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் இருபது பேரின் நேரம் மிஞ்சியிருக்கும். அந்த ஸ்லைட் நிமிர்ந்து நின்றால்தான் பாரம் தாங்கும். படுக்கப் போட்டால் தாங்குகிற அளவு கால்வாசிக்கு இறங்கிவிடும். அதாவது 45 என்று நீங்கள் நினைத்தது 11. அதன் மேல் 80 கிலோவை ஏற்றியிருக்கிறீர்கள். குண்டு மண்ணில் விழாமல் வேறென்ன செய்யும்?

கராஜ் காக்கா | திங்கள் இரவு 10.30
ஆணி சொன்னது சரி, சொன்ன விதம்தான் ஆணி மாதிரி. இருபது பேர் எங்கே, ஆறு பேர்தானே இருக்கிறோம்.

வாவிக்கரை | திங்கள் இரவு 10.44
நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பாரம் கூடினால் லாச்சி முன்னால் தொங்கும். ஒரு பக்கம் வந்து மறு பக்கம் நிற்பது முறுக்கு. தம்பி, வீட்டு முற்றம் சீமெந்துதானே? உகந்தையில் ஒரு சில்லு மணலில் இறங்கி நின்றிருக்கும். லாச்சி நிற்கிற பெட்டியை நாலு மூலையிலும் செசியோடு, அதாவது ட்ரெயிலரின் அடிச்சட்டத்தோடு, போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் செசி முறுகும்போது பெட்டியும் சேர்ந்து முறுகும். இரண்டு ஸ்லைட்டும் சமாந்தரமாக இருக்காது, கவ்விக்கொள்ளும்.

சோதிக்க ஒரு வழி. லாச்சியை வெறுமையாக்குங்கள். ஒரு பக்கச் சில்லுக்கு அருகில் ஜக் வைத்து ஆறு அங்குலம் தூக்குங்கள். பெட்டி வாயில் மூலைக்கு மூலை நூல் பிடித்து இரண்டு குறுக்களவையும் எடுங்கள். அப்புறம் லாச்சியை இழுங்கள்.

பழைய ஆணி | திங்கள் இரவு 10.51
தேவையில்லாத வேலை. காரணம் தெரிந்துவிட்டது.

தம்பிலுவில் தம்பி | செவ்வாய் மாலை 5.40
புது ஸ்லைட் சோடி ஒன்று கடனுக்கு எடுத்து, அதே மாதிரிப் பூட்டி, ஜக் வைத்துப் பார்த்தேன். சமனாக நின்றபோது குறுக்களவு இரண்டும் ஒன்று. தூக்கியதும் 7 மில்லி வித்தியாசம். வெறும் லாச்சியே பாதியில் கவ்விவிட்டது.

வாவிக்கரை | செவ்வாய் மாலை 5.48
😊

கராஜ் காக்கா | செவ்வாய் இரவு 8.15
சரி, இரண்டும்தான் காரணம். ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டால் திரும்ப இதே கதை. இனிச் செய்கிற வேலையைச் சொல்கிறேன்.

பெட்டியின் நாலு போல்ட்டையும் கழற்றுங்கள். பின்பக்கம் இரண்டு மூலையில் இறுக்கம். முன்பக்கம் நடுவில் ஒன்றே ஒன்று, பழைய ரயர் துண்டு வைத்து, அசையக்கூடியதாக. மூன்று காலில் நிற்கிற முக்காலி ஆடாது பாருங்கள், அதே கணக்கு. செசி முறுகட்டும், பெட்டி முறுகாது.

ஸ்லைட்டை விட்டுவிடுங்கள். மிச்சம் இருக்கிற 10 நாளில் நல்ல கன ஸ்லைட் கிடைத்தாலும் அந்தத் தூசிக்கு அது நீண்ட நாள் உழைக்காது. 6203 பெயாரிங் எட்டு எடுங்கள். மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் இருக்கும். உள்துளை 17 மில்லி, வெளிவிட்டம் 40, தடிப்பு 12. இரண்டு பக்கமும் தூசி மூடி போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். அது ஓட சி சனல், சி எழுத்து மாதிரி மடித்த இரும்பு, உள் இடைவெளி 41 மில்லி. அதற்கு மேல் விட்டால் வழி முழுக்கக் கடகடக்கும்.

இப்போது வடிவாகக் கேளுங்கள், இதில்தான் எல்லோரும் பிழை விடுவது. லாச்சியை வெளியே இழுத்ததும் அதன் வாய்ப்பக்கம் கீழே போகப் பார்க்கும், உள் நுனி மேலே கிளம்பப் பார்க்கும். ஆகவே பெட்டி வாயில் இருக்கிற பெயாரிங் கீழிருந்து தாங்க வேண்டும். லாச்சியின் உள் நுனியில் இருக்கிற பெயாரிங் சனலின் மேல் உதட்டில் முட்டி ஓட வேண்டும். அந்த மேல் உதட்டை ஒட்டில் நல்லாக வெல்ட் பண்ணுங்கள், மேலே கிளம்புகிற பலம் முழுக்க அங்கேதான் முட்டும். முழுதாக வெளியே வந்தாலும் லாச்சியில் ஒன்பது அங்குலமாவது உள்ளே நிற்க வேண்டும்.

வாய்ப்பக்கம் மடக்கிற கால் இரண்டு. நுனியில் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டு மாதிரி ஒன்று, இல்லாவிட்டால் மணலில் புதையும்.

பழைய ஆணி | செவ்வாய் இரவு 8.40
ஒரே அச்சு ட்ரெயிலர் என்றார். வாகனத்தில் இருந்து கழற்றிய பிறகு பின்னால் லாச்சியை இழுத்தால் மூக்கு கிளம்பி, சமைக்கிறவர் காலில் முழு ட்ரெயிலரும் உட்காரும். செசியின் பின் மூலை இரண்டிலும் ஊன்றுகால் வைக்காமல் லாச்சியைத் தொடவே கூடாது. லாச்சிக் கால் வேறு, இது வேறு. லாச்சிக்கு லொக் உள்ளே தள்ளினதும் ஒன்று, வெளியே இழுத்ததும் ஒன்று. சாதாரண கதவுக் கொண்டி போதாது, குலுக்கலில் துள்ளித் திறந்துவிடும். இரும்பு முள் செருகுகிற மாதிரிப் போடவும்.

கல்லடி அக்கா | செவ்வாய் இரவு 9.05
சிலிண்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதை லாச்சிக்குள்ளேயே வைத்திருக்கிறாரா? குழாயும் லாச்சியோடு உள்ளே வெளியே போகுமே, எங்காவது நசிந்தால்?

கராஜ் காக்கா | செவ்வாய் இரவு 9.20
நல்ல கேள்வி ராத்தா, நான் விட்டுவிட்டேன். சிலிண்டரை வெளியே எடுங்கள் தம்பி. முன்னால் இழுவைச் சட்டத்தின் மேல், நிமிர்த்தி, அங்கிள் அயனில் கூடு அடித்துக் கட்டுங்கள். பாரமும் முன்னே வந்தால் ட்ரெயிலர் வாலாட்டாது. கேஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் மேலே போகாது, பெட்டி அடியில் போய்த் தேங்கும். மூடின பெட்டிக்குள் வைத்தே ஆக வேண்டும் என்றால் அடித்தட்டில் துளை இருக்க வேண்டும். ஓடும்போது ரெகுலேட்டர் கழற்றி இருக்க வேண்டும். நிறுத்திய பிறகுதான் குழாய் பூட்டுவது, மூட்டில் சவர்க்கார நுரை தடவிப் பார்ப்பது, அப்புறம்தான் நெருப்பு. தண்ணீரையும் தட்டில் அச்சுக்கு மேலாகக் கட்டுங்கள்.

சென்னை ரைடர் | புதன் காலை 7.00
அங்கே மீன் நன்றாகக் கிடைக்குமே. அந்த அடுப்பில் பொரித்தால் அருமையாக இருக்கும்.

மூன்று கல்லு | புதன் காலை 7.04
தம்பி, அவர் போவது முருகன் கோயிலுக்கு.

சென்னை ரைடர் | புதன் காலை 7.06
ஐயோ, மன்னிக்கவும்.

வாவிக்கரை | அடுத்த ஞாயிறு இரவு 8.30
தம்பி, என்ன மாதிரி? செய்தாச்சா?

கராஜ் காக்கா | அடுத்த செவ்வாய் காலை 8.10
ஆளைக் காணோம். சனல் கிடைக்கவில்லை என்றால் அக்கரைப்பற்றுப் பக்கம் வாருங்கள், என்னிடம் வெட்டின துண்டு கிடக்கிறது.

தம்பிலுவில் தம்பி | மூன்று கிழமைக்குப் பிறகு, இரவு 11.15
எல்லோருக்கும் நன்றி. உகந்தையில் சிக்னல் சரியில்லை. பெயாரிங், மூன்று போல்ட், சிலிண்டர் முன்னால், எல்லாம் சொன்ன மாதிரிச் செய்தேன். ஒரு சில்லு பள்ளத்தில் நின்றபோதும் ஒரு விரலால் இழுத்தேன். சோறு நிலத்தில்தான் ஆக்கினோம். லொக் மட்டும் நேரம் காணாமல் கொண்டி போட்டேன். பாணமை தாண்டி லாச்சி தானே திறந்து, சொதிச் சட்டி றோட்டில்.

பழைய ஆணி | இரவு 11.19
முள் செருகச் சொன்னேன்.

கல்லடி அக்கா | மறுநாள் காலை 6.50
சட்டி போனால் போகட்டும், ஆட்களுக்கு ஒன்றும் இல்லைதானே?

வாவிக்கரை | மறுநாள் காலை 9.00
அந்த முன் போல்ட்டும் மேல் உதடும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள் தம்பி. நானும் ஒன்று செய்ய இருக்கிறேன்.

வாவிக்கரை | ஒரு மாதத்துக்குப் பிறகு
தம்பி, படம்?