அம்மாவின் வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரம் கொடுக்கலாமா?

உப்புவெளி மகள்:
அம்மாவுக்கு 62 வயது. முழங்கால் வலிக்கு ஒரு வருடமாக டைக்ளோபெனாக் குளிசை போடுகிறார். போன மாதம் வயிறு எரிந்து, குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண் என்றார்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் தந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்ரி அதிமதுரத்தை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார், மஞ்சளும் நல்லதாம். அம்மாவுக்குப் பிறஷரும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இராத்திரியில் அவருக்கு நித்திரையே இல்லை.

பார்மசி அண்ணா:
தங்கச்சி, அன்ரி சொல்வது வெறும் கதை இல்லை. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசினை வைத்துச் செய்த கார்பினொக்சொலோன் என்ற மருந்தை 1960களில் பிரிட்டனில் இரைப்பைப் புண்ணுக்கே கொடுத்தார்கள், புண்ணும் ஆறியது. ஆனால் அது உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிவிடும், பொட்டாசியத்தை இறக்கும், பிறஷரை ஏற்றும். கிளிசிரைசினும் அப்படித்தான். அம்மாவுக்குப் பிறஷர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் வேண்டாம். கிளிசிரைசினை நீக்கிய அதிமதுரம் குளிசையாக வருகிறது, நாட்டுமருந்துக் கடையில் வாங்கி இடிப்பது அது இல்லை.

அப்புறம், டைக்ளோபெனாக்கை நிறுத்தியாயிற்றா? வலியைக் குறைக்கும்போதே இரைப்பையின் உட்சுவரைக் காக்கிற புரொஸ்டாகிளாண்டினையும் அது குறைத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டே எந்த மூலிகை கொடுத்தும் பெரிய பயன் இல்லை.

கோணேசபுரி மாணவி:
நான் இங்கே வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன், அண்ணா சொன்னதுதான் சரி. மஞ்சளின் குர்குமினுக்கு அழற்சியை அடக்கும் தன்மை உண்டு, ஆனால் தின்றதில் மிகக் கொஞ்சம்தான் இரத்தத்தில் சேரும். மிளகு சேர்த்தால் கூடுதலாகச் சேரும் என்பார்கள், புண் உள்ள வயிற்றுக்கு மிளகைக் கொடுத்து எரிய வைப்பானேன்? 2023இல் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு ஒன்றில் குர்குமின் ஒமெப்ரசோல் அளவுக்கே பலன் தந்தது, ஆனால் அது புண் இல்லாத அசீரணக்காரர்களிடம் பார்த்தது. வல்லாரைச் சாறு எலிகளின் இரைப்பைப் புண்ணை ஆற்றியிருக்கிறது, மனிதருக்கு அதை மருந்தென்று சொல்ல அது போதாது. கறியில் போடும் மஞ்சளும் வல்லாரைச் சம்பலும் உணவாகத் தாராளமாகக் கொடுங்கள், மிளகாயை மட்டும் குறையுங்கள்.

தம்பலகாமம் வாசி:
கிருமிச் சோதனை செய்தார்களா? இரைப்பையில் புண்ணை உண்டாக்குகிற ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தால் அன்டிபயோட்டிக் வேண்டும். ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலம் தார் போலக் கறுத்தால் புண்ணில் இரத்தம் கசிவதாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

உப்புவெளி மகள்:
அண்ணா, டைக்ளோபெனாக் இன்னும் போடுகிறார். கால் வலிக்கு வேறு வழியில்லை என்று நானே தினமும் எடுத்துக் கொடுத்தேன். நாளைக் காலையே டொக்டரிடம் போய் வேறு வலிமருந்தும் கிருமிச் சோதனையும் கேட்கிறேன்.