விந்து தானத்துக்குத் தரும் தொகை: படிவ வாசகத்துக்கு உதவி தேவை

வணக்கம். விந்து வங்கி ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் திருத்தி எழுதுகிறோம். பணம் பற்றிய பத்தியில்தான் இடிக்கிறது.

இந்தியாவின் 2021 ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி விந்தணுவை விற்பது குற்றம். தானம் தருபவருக்கு வயது 21 முதல் 55. ஒருவருடையது ஒரு தம்பதிக்கு மட்டுமே. அதற்காக பஸ் காசும் அரை நாள் கூலியும் கொடுக்காவிட்டால் யார் வருவார்கள்?

கொடுத்த விந்து மாதிரி பரிசோதனையில் தேறினால்தான் பணம் என்றால் அது சரக்குக்கு விலை. தேறாவிட்டாலும் வருகைக்குத் தந்தால் நேரத்துக்கு ஈடு. பிரிட்டனில் வருகைக்கு 35 பவுண்டு இருந்தது, 2024 அக்டோபரில் 45 ஆனது. தொகை ஏறினால் குடும்ப நோயை மறைப்பார்கள், வேறு வங்கியில் கொடுத்ததையும் சொல்ல மாட்டார்கள்.

சிக்கலே ஆறு மாதம் கழித்து வரும் எச்.ஐ.வி. மறுபரிசோதனைதான். அது முடியும்வரை விந்தைப் பயன்படுத்த முடியாது; ஆள் வராவிட்டால் உறைய வைத்த விந்துக் குப்பிகள் அத்தனையும் வீண். பாதிப் பணத்தை அதுவரை நிறுத்திவைக்கலாம் என்கிறார்கள் சிலர். எங்களுக்கு அது பிணைத்தொகை மாதிரி படுகிறது. மறுபரிசோதனை வருகைக்குத் தனித் தொகை தருவது சட்டத்தில் நிற்குமா? வக்கீல்கள், கரு ஆய்வக நண்பர்கள் சொல்லுங்கள். பயன்பாட்டில் உள்ள தமிழ் வாசகம் இருந்தால் பெயர்களை அழித்துவிட்டுப் பகிருங்கள்.