கார் டோர் ஸ்பீக்கர் மாத்தியும் பேஸ் (அடி சத்தம்) வரல, என்னவே செய்ய?

வண்ணாரப்பேட்டை_ஸ்விஃப்ட்
அண்ணாச்சிமாரே ஒரு சந்தேகம். பழைய ஸ்விஃப்ட் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன், முன் டோர் ஸ்பீக்கர் கிழிஞ்சு கிடந்துச்சுன்னு ஆறரை இஞ்ச் கோஆக்ஸியல் (பெரிய கோனு நடுவுலயே சின்ன ஸ்பீக்கரும் இருக்குதது) ஒரு ஜோடி வாங்கி ஒரு கடையில குடுத்து மாட்டியாச்சு. குரல் தெளிவா கேக்கு, ஆனா தவில் விழுத எடத்துல நெஞ்சுல தொம்முன்னு வரணும்லா, அட்டைப்பெட்டிய தட்டுன மாதிரி டப்பு டப்புன்னு வருது. கடைக்காரர்ட்ட கேட்டா சப்வூஃபர் (பேஸுக்குன்னே உள்ள தனி ஸ்பீக்கர்) போடுங்க தம்பிங்காரு. டிக்கியில பெட்டி வைக்க முடியாது, வாரம் ஒருக்க கடையத்துல இருந்து தேங்கா ஏத்திட்டு வருவேன். டோர்லயே ஏதாவது வழி இருக்கா?

அம்பை_வயர்மேன்
காசு செலவழிக்கதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ஃபேடர (சத்தத்த முன் பின் ஸ்பீக்கருக்கு பிரிக்குத செட்டிங்) முழுசா முன்னால தள்ளி பேஸ் உள்ள பாட்டு ஒண்ணு போட்டு, இடது வலது பிரிக்குத பேலன்ஸ நடுவுல வச்சு கேளுங்க, பொறவு முழுசா ஒரு பக்கம் திருப்புங்க. ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடுதா? அப்பம் ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் மாத்தி குடுத்திருக்காவ. ஒண்ணு வெளிய தள்ளும்போது மத்தது உள்ள இழுக்கும், பேஸ் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு போயிரும். சந்தேகம்னா ஹெட் யூனிட் (டேஷ்போர்டுல உள்ள ஸ்டீரியோ) பக்கம் வயரு கழத்திட்டு, ஸ்பீக்கருக்கு போற வயருல ஒண்ணரை வோல்ட் பேட்டரிய ஒரு நொடி தொட்டு பாருங்க, பிளஸ்க்கு பிளஸ் சரியா இருந்தா கோன் (ஸ்பீக்கரோட ஆடுத கூம்பு) வெளிய வரும்.

கொடை_சவுண்டு
மேல சொன்னத மொதல்ல பாருங்க. அது சரியா இருந்தா விசயம் ஸ்பீக்கர்ல இல்ல, கதவுல.

நான் ஊர்க்கொடைக்கு சவுண்டு கட்டுதவன். பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர பெட்டியில இருந்து கழத்தி சும்மா தரையில போட்டு பாட விட்டா கொட்டாங்குச்சிய தட்டுன மாதிரிதான் கேக்கும். கோன் முன்னால தள்ளுத காத்து அப்பிடியே விளிம்ப சுத்தி பின்னால ஓடிரும், முன் சத்தமும் பின் சத்தமும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிடும். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலையே ஏழு மீட்டர் கிட்ட வரும், அதுக்கு ஓட்டையும் ஒண்ணுதான் தெறந்த வாசலும் ஒண்ணுதான். உங்க காருக்கு அந்தப் பெட்டி டோர்தான் வே.

டிரிம்ம (டோர் உள்பக்க பிளாஸ்டிக் மூடிய) கழத்தி பாருங்க. உள் தகட்டுல கை போறமாதிரி பெரிய ஓட்டை இருக்கும், அதுமேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கணும். செகண்ட் ஹேண்ட் வண்டியில பவர் விண்டோ வேலை பாத்தவன் அத கிழிச்சிட்டு பாதி தொங்க விட்டிருப்பான், இது நான் பாத்த வண்டி பாதியில நடந்தது. அந்த ஓட்டைய அலுமினிய ஃபாயில் ஒட்டுன பியூட்டைல் (பிசுக்குன்னு ஒட்டுத ரப்பர்) ஷீட் போட்டு அடைங்க, பெரிய ஓட்டைக்கு பின்னால மெல்லிசா ஒரு அலுமினியத் தகடு குடுத்துக்கிடுங்க, இல்லன்னா ஷீட் தொய்ஞ்சிரும். வெளித்தகட்டுலயும் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால ஒரு துண்டு ஒட்டுங்க, முழுசும் மூடணும்னு இல்ல, வெரலால தட்டினா டங்குன்னு கேட்டது டொக்குன்னு கேட்டா போதும். துடைக்க ஸ்பிரிட் போடுங்க, தின்னர் வேண்டாம். பிற்றுமின் ஷீட் விலை கம்மின்னு வாங்கிராதீய, நம்ம சித்திரை வெயில்ல உருகி வழியும், வண்டிக்குள்ள தார் ரோடு நாத்தம்.

டோர் அடியில தண்ணி வடியுத சின்ன ஓட்டை இருக்கும், அத மட்டும் அடைச்சிராதீய, தென்காசி பக்கம் சாரல்ல போயிட்டு வந்தா தண்ணி நின்னு துரு புடிச்சிரும். லாக் கம்பி, கண்ணாடி ஏறி எறங்குத வழியையும் பாத்துக்கிடுங்க.

ஸ்பீக்கர் மெல்லிய பிளாஸ்டிக் வளையத்துல ஆடிக்கிட்டு இருந்தா மெரைன் பிளைல வளையம் வெட்டி மாட்டுங்க, எம்டிஎஃப் ஈரத்துல ஊதிரும். வளையத்துக்கும் டிரிம்முக்கும் நடுவுல ஃபோம் டேப் ஒரு சுத்து. ஒரு டோருக்கு ரெண்டு மணி நேரம் புடிக்கும், கிளிப்பு ரெண்டு ஒடையும், முன்னாலயே வாங்கி வச்சிக்கிடுங்க.

பாளை_டியூனர்
டோர் அடைச்சா வித்தியாசம் தெரியும், ஒத்துக்கிடுதேன், ஆனா ஹெட் யூனிட்ல 50x4ன்னு (நாலு சேனல், ஒண்ணுக்கு 50 வாட்ஸ்) எழுதியிருக்கத நம்பாதீய. வண்டி ஓடும்போது பேட்டரி லைன்ல 14.4 வோல்ட், 4 ஓம்ல கணக்கு போட்டா ஒரு சேனலுக்கு 26 வாட்ஸ்தான் உச்சம், சுத்தமா வாரது 20 கிட்டத்தான். அதனால பேஸ ஏத்துத பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் ரெண்டையும் அணைச்சிட்டு ஹைபாஸ (ஒரு அளவுக்கு கீழ உள்ள சத்தத்த வெட்டுத செட்டிங்) 80 ஹெர்ட்ஸ்ல வைங்க. கேட்டா பைத்தியக்காரத்தனமா இருக்கும், ஆனா 30 ஹெர்ட்ஸ டோர் ஸ்பீக்கர் எப்பிடியும் பாடாது, சும்மா கோன் ஆடி சத்தம் ஒடையுதது அதனாலதான். அத வெட்டிட்டா தவில் நல்லா விழும். நெஞ்சுல தொம்முன்னு வேணும்னா சீட்டுக்கு அடியில வைக்குத சப்தான், தேங்காய்க்கும் இடைஞ்சல் இல்ல.

வண்ணாரப்பேட்டை_ஸ்விஃப்ட்
ஞாயித்துக்கெழமை உக்காந்துட்டேன். பேலன்ஸ் வச்சு பாத்தா வயர்மேன் அண்ணாச்சி சொன்னதேதான், இடது பக்கம் மாத்தி குடுத்திருக்காவ! மாத்தினதுமே பாதி வந்துட்டு, அத விட்டுட்டு என்ட்ட சப்வூஃபர் விக்கப் பாத்திருக்காரு. டிரைவர் டோர்ல ஷீட் பாதி கிழிஞ்சு உள்ள ஒரு பழைய பெட்ரோல் பில்லு கிடந்துச்சு. அந்த ஒரு டோர் மட்டும் அடைச்சேன், மூணு கிளிப்பு போச்சு. ஹைபாஸ் 80ல வச்சா ரொம்ப மெலிஞ்ச மாதிரி இருந்துச்சு, 60ல விட்டுட்டேன், பாளை அண்ணாச்சி கோவிக்காதீய. இப்பம் வலது பக்கம் தவில் விழுது, இடது பக்கம் இன்னும் அட்டைப்பெட்டிதான், அது அடுத்த வாரம்.

புதுசா ஒரு தொல்லை, சத்தம் கூட்டினா டோர்ல கிர்ர்ருன்னு ஒரு அதிர்வு. அரை மணி நேரம் தேடி கடைசில பாத்தா டோர் பாக்கெட்டுல எங்கம்மா வச்ச திருச்செந்தூர் விபூதி டப்பா.

கொடை_சவுண்டு
டப்பாவ டேஷ்போர்டு மேல ஏத்துங்க. இடது டோர் செய்யும்போது ஷீட்ட உருளை வச்சு நல்லா அமுக்குங்க, உருளை இல்லன்னா சப்பாத்திக்கட்டை, வீட்டுல கேட்டுட்டு எடுங்க.