டாங்கி கொங்கு

1990களில் கோடை லீவு என்றாலே கோபிக்குப் பக்கத்தில் அம்மிச்சி வீடுதான். ஒரு வருசம் மாமன் ஈரோட்டிலிருந்து டிவி கேம் வாங்கி வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். '9999999 இன் 1' என்று போட்டிருக்கும், உள்ளே கொஞ்சம் கேம்தான் திரும்பத் திரும்ப வரும்.

பெயரெல்லாம் இங்கிலீஷில் இருக்கும். நாங்கள் எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் பெயர். 'டாங்கி காங்' எங்களுக்கு டாங்கி கொங்கு. நம்ம ஊர்ப் பேர் டிவியில் வருதென்று மாமன் மகன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். இன்னொரு கேமின் ஹீரோ மாரியோ, மாரியண்ணன் ஆனார். அப்போது மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். பெரும்பாலான கட்டங்களின் முடிவில் மாரியோ கொடிக்கம்பத்தைத் தாவிப் பிடிப்பாரே, உடனே "கம்பம் தொட்டாச்சு!" என்று கத்துவோம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, மஞ்சள் உருண்டை ஒன்று புள்ளிகளை முழுங்கிக்கொண்டே போகும் பேக்மேன் கேமின் கதைதான். வெத்தலை இடித்துக்கொண்டிருந்த அம்மிச்சி, "அந்த மஞ்சக்காரன் பேரென்ன கண்ணு?" என்று கேட்டார். "பாக்கு மேன் அம்மிச்சி" என்றேன். "பாக்குத் திங்கறவனா? அதான் லபக்கு லபக்குனு முழுங்கறான்" என்றார். அன்றிலிருந்து அந்த கேமுக்கு எங்கள் வீட்டில் 'லபக்கு' என்றே பேர்.

ரொம்ப வருசம் கழித்துத்தான் அந்தப் பேர் வந்த வழியைப் படித்தேன். 1980இல் நாம்கோ கம்பெனியின் தோரு இவாதானி உருவாக்கிய கேம் அது. வாயைத் திறந்து மூடித் தின்பதை ஜப்பானில் 'பக்கு பக்கு' என்பார்களாம். நம்முடைய இரட்டைக்கிளவி மாதிரியேதான்! அதிலிருந்து முதலில் 'பக் மேன்' என்று வைத்தார்கள். அமெரிக்காவில் யாராவது முதல் எழுத்தான P-யைச் சுரண்டி F ஆக்கி, கெட்ட வார்த்தையாக்கிவிடுவார்கள் என்று பயந்துதான் 'பேக்மேன்' ஆக்கினார்கள். ஜப்பான் பாஷை ஒரு வார்த்தை தெரியாத அம்மிச்சி, காதையும் கண்ணையும் வைத்தே அதே இடத்துக்கு வந்திருக்கிறார். படித்த அன்று அவரை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாமன் மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "டாங்கி கொங்குக்கும் ஏதாச்சும் இருக்கா பாரு" என்றான். இருந்தது. 1981இல் நின்டெண்டோ கம்பெனிக்காக ஷிகெரு மியாமோட்டோ செய்த அந்த கேமில், உருண்டு வரும் பீப்பாய்களைத் தாண்டி மேலே ஏறுவாரே ஒரு தச்சர், அவருக்கு முதலில் ஜம்ப்மேன் என்று பேர். அவர்தான் பிறகு மாரியோ ஆனார்.

கேட்டதும் அவன் சொன்னான்: "அப்ப மாரியண்ணன் பொறந்ததே நம்ம கொங்குலதான் மாப்ள!"